ஒரே படி, திரும்பத் திரும்ப: வர்க்கமூலத்திலிருந்து ஒழுங்கின்மை வரை

கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன், தம் ‘மெட்ரிகா’ நூலில் 720-இன் வர்க்கமூலத்தைக் காண ஒரு வழி சொல்கிறார். 720 முழு வர்க்கம் அன்று. அதை அடுத்து வரும் முழு வர்க்கம் 729, அதன் மூலம் 27. 720-ஐ 27-ஆல் வகுத்தால் 26 2/3 கிடைக்கும். 27-ஐயும் 26 2/3-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 26 5/6. இதன் வர்க்கம் 720 1/36. வேண்டிய எண்ணைவிட முப்பத்தாறில் ஒரு பங்குதான் கூடுதல். இந்தத் துல்லியம் போதாது என்பவர், 729-க்குப் பதிலாக இப்போது கிடைத்த 720 1/36-ஐ வைத்துக்கொண்டு இதே வேலையைத் திரும்பச் செய்யலாம் என்று ஹீரோன் முடிக்கிறார். எண்ணியல் முறைகள் பாடத்தைக் கல்லூரியில் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அந்தத் துறை முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்துக்குள் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றும். விடையை ஒரே எட்டில் தரும் சூத்திரத்தைத் தேடாமல், கையில் இருக்கும் தோராயத்தைத் திருத்தும் ஒரு படியைக் கண்டுபிடித்து, அந்தப் படியில் கிடைத்த விடையையே மீண்டும் அதே படிக்குள் செலுத்துவதுதான் மறுசெய்கை முறை.

நம் பாடத்திட்டங்கள் அந்தப் படியை நன்றாகவே கற்பிக்கின்றன. மாணவர் சூத்திரத்தில் எண்களைப் பிரதியிட்டு, நான்கு தசம இடங்கள் வரை அட்டவணை போட்டு, முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார். ஆனால் எந்தப் படி விடையை நோக்கிப் போகும், எது விலகிப் போகும், போகும் படி எவ்வளவு வேகத்தில் போகும் என்ற கேள்வி இரண்டு மதிப்பெண் வினா ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. சமன்பாடுகளின் மூலத்தைக் காண உதவும் நியூட்டன்-ராப்சன் முறை குவிவதற்கான, அதாவது விடையை நோக்கிப் போவதற்கான, நிபந்தனையை எழுதுக என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்த ஒரு சமனிலியை எழுதிவிட்டு மாணவர் அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். அந்தச் சமனிலிக்குள் இருப்பது ஒரு சாய்வு மட்டுமே. வர்க்கமூலம் ஏன் அவ்வளவு விரைவில் கிடைக்கிறது என்பதும், பூச்சிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏன் தாறுமாறாக மாறுகிறது என்பதும் அதே சாய்வைக் கொண்டு விளங்கும் என்பதை இங்கே சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில் இரண்டு கணக்குகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். 2-இன் வர்க்கமூலத்துக்கு 1-இலிருந்து தொடங்கி ஹீரோன் வழியில் போனால் 3/2, 17/12, 577/408 என்று பின்னங்கள் வரும். இவற்றுள் மூன்றாவதான 577/408, போதாயனரின் சுல்ப சூத்திரம் தரும் மதிப்பேதான். ஒன்றோடு மூன்றில் ஒன்றைக் கூட்டு, அதில் நான்கில் ஒன்றைக் கூட்டு, அதில் முப்பத்து நான்கில் ஒன்றைக் கழி என்ற வடிவத்தில் அது அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. சூத்திரம் விடையைத் தருகிறதே அன்றி வழியைச் சொல்லவில்லை. இருந்தாலும் இரண்டு மரபுகள் ஒரே பின்னத்தில் வந்து நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. தசமத்தில் எழுதினால் இந்தத் தொடர் 1.5, 1.41667, 1.4142157, 1.41421356237469 என்று போகும். உண்மையான மதிப்பு 1.41421356237310. சரியான இலக்கங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது.

இன்னொரு கணக்கு இதைவிட எளிது. கால்குலேட்டரை ரேடியன் நிலைக்கு மாற்றி, 1 என்று இட்டு, கொசைன் பொத்தானைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருங்கள். 0.5403, 0.8576, 0.6543, 0.7935, 0.7014, 0.7640 என்று ஒரு முறை மேலும் ஒரு முறை கீழுமாகத் தள்ளாடியபடியே வந்து, கடைசியில் 0.7390851332 என்ற எண்ணில் நிலைகொள்ளும். எந்த எண்ணிலிருந்து தொடங்கினாலும் அங்கேதான் வந்து சேரும். ஆனால் எவ்வளவு மெதுவாக! ஒரு தசம இலக்கம் கூடுதலாக உறுதிப்பட ஆறு முறை அழுத்த வேண்டியிருக்கிறது.

இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். படியின் உள்ளே ஓர் எண்ணைக் கொடுத்தால் அதே எண் வெளியே வருமானால் அதை நிலைப்புள்ளி என்கிறோம். நாம் தேடும் விடை ஒரு நிலைப்புள்ளி. அதற்குச் சற்றுத் தள்ளி நிற்கும் எண்ணுக்கு என்ன நேரும்? விலகல் சிறியதாக இருக்கும்போது படியின் வரைபடத்தை அந்த இடத்தில் ஒரு தொடுகோடாகவே கருதலாம் என்பதால், அடுத்த விலகல் இப்போதைய விலகலைத் தொடுகோட்டின் சாய்வால் பெருக்கியதற்கு ஏறத்தாழச் சமம். சாய்வின் மட்டு மதிப்பு 1-க்குக் குறைவு என்றால் விலகல் ஒவ்வொரு படியிலும் சுருங்கும். 1-ஐத் தாண்டினால் பெருகும். சாய்வு குறை எண்ணாக இருந்தால் எண்கள் விடையின் இரு பக்கமும் மாறி மாறி விழும். கொசைன் கணக்கில் நிலைப்புள்ளியின் சாய்வு −0.674, தள்ளாட்டத்துக்குக் காரணம் அந்தக் குறைக் குறி, மந்தத்துக்குக் காரணம் 0.674. ஹீரோன் படியில் விடையிடத்துச் சாய்வு சரியாகப் பூச்சியம். அங்கே நேர்விகிதச் சுருக்கம் என்பதே இல்லாமல் போய், அடுத்த விலகல் இப்போதைய விலகலின் வர்க்கத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்த பிழை அடுத்த படியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவது அதனால்தான். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அந்தச் சமனிலியும் நியூட்டன் படியின் சாய்வு 1-க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பதைத்தான், சார்பையும் அதன் வகைக்கெழுக்களையும் கொண்டு எழுதிக்காட்டுகிறது.

ஓர் எண்ணுக்குப் பொருந்தும் இந்தச் சுருக்கம், எண்களின் பெரிய கூட்டங்களுக்கும் சார்புகளுக்குமே பொருந்தும் என்பதை 1922-இல் ஸ்டீஃபன் பானாக் பொதுத் தேற்றமாக நிறுவினார். அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே காவுஸ் இதைப் பெரிய அளவில் கையாண்டிருக்கிறார். நில அளவைக் கணக்குகளில் வரும் பல மாறிகள் கொண்ட சமன்பாடுகளை ஒவ்வொரு மாறியாகத் திருத்தித் திருத்தித் தீர்க்கும் முறையை, 1823 டிசம்பரில் தம் முன்னாள் மாணவர் கெர்லிங்குக்கு எழுதிய கடிதத்தில் விளக்கி, இதைப் பாதித் தூக்கத்தில்கூடச் செய்யலாம், வேறு எதையாவது நினைத்துக்கொண்டே செய்யலாம் என்று அவர் குறிப்பிடுகிறார். நேர்வழிக் கணக்கில் நடுவே நேரும் ஒரு கூட்டல் பிழை கடைசி விடை வரை கூடவே வரும். சுருங்கும் மறுசெய்கையில் அது இன்னொரு தொடக்கப் புள்ளியாக மாறி, பின்வரும் படிகளில் தானே கரைந்துவிடும். கூகுள் தன் தொடக்கக் காலத்தில் பக்கங்களைத் தரவரிசைப்படுத்திய பேஜ்ரேங்க் கணக்கும் இந்த வகைதான். அதில் வழக்கமாகப் பயன்படுத்தப்படும் 0.85 என்ற எண், ஒவ்வொரு படியிலும் பிழை குறைந்தது எந்த விகிதத்தில் சுருங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

இதுவரை பார்த்த படிகளெல்லாம் ஒரு விடையைத் தேடுவதற்காக மனிதர் அமைத்தவை. விடை எதையும் தேடாமல், இயற்கை தன் போக்கில் ஒரே படியைத் திரும்பச் செய்யும் இடங்களும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை முட்டையிட்டுவிட்டு மடிந்துபோகும் பூச்சி இனங்களில் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையோடு சேர்ந்து வாழ்வதில்லை. எனவே இந்த ஆண்டின் எண்ணிக்கையிலிருந்து அடுத்த ஆண்டின் எண்ணிக்கை ஒரே தாவலில் பிறக்கிறது. இடைப்பட்ட மதிப்பு என்று ஒன்று அங்கே இல்லை. இதைத்தான் தனிநிலை அமைப்பு என்கிறோம். 1976-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த கட்டுரையில் ராபர்ட் மே எடுத்துக்கொண்ட சமன்பாடு மிக எளியது: இந்த ஆண்டின் எண்ணிக்கையை, தாங்கக்கூடிய உச்ச அளவின் பங்காக, ம என்று கொண்டால், அடுத்த ஆண்டின் எண்ணிக்கை வ × ம × (1 − ம). இதில் வ என்பது வளர்ச்சியைக் குறிக்கும் எண். பள்ளி மாணவர்கூட வரைந்துவிடக்கூடிய பரவளையம் இது. இந்தச் சமன்பாட்டைக் கணிதக் கல்வியின் தொடக்கத்திலேயே அறிமுகப்படுத்த வேண்டும் என்று மே அந்தக் கட்டுரையில் வற்புறுத்தினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் நம் பாடப்புத்தகங்களில் அது உரிய இடத்தைப் பெறவில்லை என்பது எனக்கு வருத்தமே.

இந்தப் படியின் நிலைப்புள்ளி 1 − 1/வ. அங்கே சாய்வு 2 − வ. வ = 2.8 என்றால் சாய்வு −0.8, கொசைனைப் போலவே தள்ளாடித் தள்ளாடி 0.6429-இல் அமைதியடையும். வ = 3 ஆகும்போது சாய்வு −1-ஐத் தொடுகிறது. அதற்கு மேல் நிலைப்புள்ளி மறைந்துவிடுவதில்லை. ஆனால் பக்கத்தில் வரும் எண்களை விலக்கித் தள்ளத் தொடங்குகிறது. வ = 3.2 என்று வைத்தால் எண்ணிக்கை ஓர் ஆண்டு 0.5130, மறு ஆண்டு 0.7995 என்று முடிவில்லாமல் மாறிக்கொண்டிருக்கும். வ = 3.5 என்றால் 0.8750, 0.3828, 0.8269, 0.5009 என்று நான்கு ஆண்டுச் சுழற்சி. இப்படி இரட்டித்துக்கொண்டே போவதற்கும் காரணம் அதே விதிதான்: சுழற்சியில் உள்ள புள்ளிகளின் சாய்வுகளை ஒன்றோடொன்று பெருக்கிவரும் எண் −1-ஐக் கடக்கும்போது அந்தச் சுழற்சி நிலைகுலைந்து, அதைப் போல இரு மடங்கு நீளமுள்ள சுழற்சிக்கு இடம் கொடுக்கிறது.

தொடர்ச்சியான மாதிரியில் இப்படி எதுவும் நடப்பதில்லை என்பதை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தின் பியர் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் மக்கள்தொகை வளர்ச்சிக்காக ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டை முன்வைத்தார்: வளர்ச்சி வேகம் ம × (1 − ம). இதன் தீர்வு மிகவும் அடக்கமானது. 0.1-இலிருந்து தொடங்கினால் மெல்ல எழுந்து, நடுவில் வேகமெடுத்து, 1-ஐ நெருங்கும். ஒருபோதும் அதைத் தாண்டாது, ஒரு முறைகூடத் தள்ளாடாது. இதே சமன்பாட்டைக் கணினியில் ஆய்லர் முறையில் தீர்ப்பதாக வைத்துக்கொள்வோம். காலத்தை ப நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ம-உடன் ப × ம × (1 − ம)-ஐக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 1 என்ற நிலைப்புள்ளியில் இந்தப் படியின் சாய்வு 1 − ப. ப = 0.5 என்றால் கணினி தரும் வளைகோடு உண்மைத் தீர்வைப் போலவே அமைதியாக 1-ஐ அடைகிறது. ப = 1.8 என்றால் தள்ளாடி அடைகிறது. ப = 2.2 என்றால் அடைவதே இல்லை, 0.746-க்கும் 1.163-க்கும் இடையே குதித்துக்கொண்டே இருக்கிறது. ப = 3 என்றால் எண்கள் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் சிதறுகின்றன. ஏனென்றால் ஆய்லர் படியை அளவு மாற்றி எழுதினால் அது, வ = 1 + ப என்று வைத்த மேயின் சமன்பாடாகவே ஆகிவிடுகிறது.

இதிலிருந்து நான் மாணவர்களுக்கு வலியுறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. தனிநிலை அமைப்பு என்பது தொடர்ச்சியான அமைப்பின் மங்கலான நகல் அன்று. படியின் நீளமும் சமன்பாட்டின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. திரையில் ஒரு குழப்பமான வரைபடம் தோன்றினால் அது ஆராயும் பொருளின் இயல்பா, நாம் வெட்டிய துண்டின் நீளத்தால் விளைந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். துண்டைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். பூச்சியின் விஷயத்திலோ துண்டைப் பாதியாக்க வழியில்லை. அங்கே ஓர் ஆண்டு என்பது இயற்கையே வைத்த படி.

இரட்டிப்புகள் நிகழும் இடங்களுக்கு மீண்டும் வருவோம். அவை வ-இன் 3, 3.449490, 3.544090, 3.564407, 3.568759 ஆகிய மதிப்புகளில் நிகழ்கின்றன. அடுத்தடுத்த இடைவெளிகள் 0.449490, 0.094600, 0.020317, 0.004352. ஒவ்வோர் இடைவெளியையும் அடுத்ததால் வகுத்துப் பாருங்கள்: 4.75, 4.66, 4.67. 1975-இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் மிச்செல் ஃபைகன்பாம் எச்பி-65 என்ற கைக் கால்குலேட்டரில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். கருவி மெதுவானது, ஒரு விடை வருவதற்குள் அடுத்த இரட்டிப்பு எங்கே நிகழும் என்று ஊகித்துப் பார்க்க அவருக்கு நேரம் கிடைத்தது. அந்த ஊகத்தின் வழியாகத்தான் இடைவெளிகள் ஒரு மாறாத விகிதத்தில் குறைகின்றன என்பதைக் கண்டார். பிறகு பரவளையத்தை விட்டுவிட்டு சைன் வளைகோட்டை எடுத்துக்கொண்டு அதே கணக்கைச் செய்தபோது இரட்டிப்புகள் நிகழும் இடங்கள் மாறின. விகிதம் மட்டும் அதே 4.669201609… என்று வந்தது. உச்சியில் பரவளையத்தைப் போல வளையும் ஒற்றைத் திமிலுள்ள எந்தப் படியை எடுத்தாலும் இந்த எண் மாறாது. ஆஸ்கார் லான்ஃபோர்ட் 1982-இல் கணினியின் துணையோடு இதற்கு நிறுவல் தந்தார். வெறும் எண் விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிட முடியாதபடி, ஆல்பர்ட் லிப்ஷாபெர் சிறு கலம் ஒன்றில் திரவ ஹீலியத்தைக் கீழிருந்து சூடாக்கி, அதன் சுழலோட்டத்தின் அதிர்வுகள் இதே முறையில் இரட்டிப்பதைச் சோதனையில் காட்டினார். ஃபைகன்பாம், லிப்ஷாபெர் இருவருக்கும் சேர்த்து 1986-இல் இயற்பியலுக்கான வுல்ஃப் பரிசு வழங்கப்பட்டது. பொத்தான் அழுத்திக் கண்ட ஓர் எண் திரவத்தின் ஓட்டத்தில் தென்பட்டது என்ற செய்தி, எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை.

வ-இன் மதிப்பு 3.5699-ஐத் தாண்டியதும் இரட்டிப்புகள் எல்லாம் தீர்ந்து ஒழுங்கின்மை தொடங்குகிறது. அதற்கு நடுநடுவே ஒழுங்கான திட்டுகளும் உண்டு; 3.8284-ஐ ஒட்டி மூன்றாண்டுச் சுழற்சி ஒன்று தலைகாட்டும். வ = 4-இல் என்ன நடக்கிறது என்பதை எண்களிலேயே பார்ப்பது நல்லது. 0.3-இலிருந்தும் 0.3001-இலிருந்தும் தனித்தனியே தொடங்குவோம். முதற்படியில் 0.8400, 0.8402. மூன்றாம் படியில் 0.9943, 0.9945. ஏழாம் படியில் 0.8716, 0.8621. எட்டில் 0.4476, 0.4755. பத்தில் 0.0434, 0.0096. பன்னிரண்டாம் படியில் ஒன்று 0.5542, மற்றொன்று 0.1465, இரண்டுக்கும் தொடர்பு இருந்ததாகவே இனிச் சொல்ல முடியாது. படி ஒவ்வொன்றும் துல்லியமான பெருக்கல்தான், தற்செயல் என்பதற்கு எள்ளளவும் இடமில்லை. ஆயினும் தொடக்கத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்காக இருந்த வேறுபாடு பன்னிரண்டு படிகளில் முழு அளவுக்கு வளர்ந்துவிட்டது.

இப்போது ஹீரோனிடம் திரும்பிப் போய், அவரிடம் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்போம்: −1-இன் வர்க்கமூலம் என்ன? படி அதேதான். கையில் உள்ள எண்ணோடு, −1-ஐ அந்த எண்ணால் வகுத்து வருவதைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும். 2-இலிருந்து தொடங்கினால் 0.75, −0.2917, 1.5685, 0.4654, −0.8415, 0.1734, −2.7970 என்று எண்கள் மேலும் கீழும் அலைகின்றன. மெய்யெண்களில் விடை இல்லாதபோது முறை தோற்பது இயல்பே. ஆனால் அது தோற்கும் விதம் கவனிக்கத்தக்கது. இந்தத் தொடரின் ஒவ்வோர் எண்ணையும் வர்க்கமாக்கி, 1-ஐக் கூட்டி, அதைக் கொண்டு 1-ஐ வகுத்துப் பாருங்கள். 2 என்பது 0.2 ஆகும், 0.75 என்பது 0.64 ஆகும், அடுத்தது 0.9216, அதற்கடுத்தது 0.2890. இனி 0.2-ஐ மேயின் சமன்பாட்டில் வ = 4 என்று வைத்துப் போடுங்கள்: 4 × 0.2 × 0.8 = 0.64. 4 × 0.64 × 0.36 = 0.9216. 4 × 0.9216 × 0.0784 = 0.2890. இரண்டும் ஒன்றே. தோராயமாக அன்று, இயற்கணிதப்படி முழுமையாக ஒன்றே. ஈராயிரம் ஆண்டுகளாக நாம் மிகவும் நம்பிக்கையோடு பயன்படுத்தி வரும் கணக்கு முறையை விடையில்லாத கேள்வியில் செலுத்தினால், பூச்சிகளின் எண்ணிக்கைக்காக எழுதிய சமன்பாட்டின் முழு ஒழுங்கின்மையே வெளிவருகிறது.

இரண்டுக்கும் அடியில் இருப்பது கோணத்தை இரட்டிக்கும் செயல். ஒரு கோணத்தின் கோடேன்ஜெண்டை ஹீரோன் படியில் இட்டால் இரு மடங்குக் கோணத்தின் கோடேன்ஜெண்ட் வரும். ஒரு கோணத்தின் சைன் வர்க்கத்தை மேயின் படியில் இட்டால் இரு மடங்குக் கோணத்தின் சைன் வர்க்கம் வரும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் அறிந்த முக்கோணவியல் வாய்பாடுகளே இவை. கோணத்தில் உள்ள பிழையும் ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கும் என்பதால், பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு பன்னிரண்டு படிகளில் வெளிப்படையாகத் தெரிவதில் வியப்பு எதுவும் இல்லை.

இரட்டிப்பைக் கணினியிடம் கொடுக்கும்போது இன்னொரு சிக்கல் முளைக்கிறது. 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை இரட்டித்து, முழு எண் பகுதியை நீக்கிவிட்டு, மீண்டும் இரட்டிப்பது என்று வைத்துக்கொள்வோம். 0.1-இலிருந்து தொடங்கினால் காகிதத்தில் 0.2, 0.4, 0.8, 0.6, மறுபடி 0.2 என்று நான்கின் சுழற்சி ஓயாமல் ஓடும். கணினியில் வழக்கமான இரட்டைத் துல்லிய எண்ணாக இட்டு ஓட்டினால் சரியாக 55-ஆம் படியில் பூச்சியம் வந்துவிடும். பிறகு என்றும் பூச்சியமே. கணினி 0.1-ஐ ஈரடி எண்முறையில் முடிவுள்ள இலக்கங்களாகவே வைத்திருக்கிறது. ஒவ்வோர் இரட்டிப்பும் ஓர் இலக்கத்தை வெளியே தள்ளிவிடுகிறது. 55-இல் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. மேயின் சமன்பாட்டை ஓட்டும்போது விளைவு இவ்வளவு வெளிப்படையாக இருக்காது என்றாலும் அடிப்படை ஒன்றுதான்: கணினிக்குள் இருக்கும் எண்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, எனவே எந்தப் படியும் என்றாவது ஒரு நாள் முன்பு வந்த எண்ணுக்கே திரும்பி வந்து சுழற்சியில் விழுந்தே ஆக வேண்டும்.

அப்படி முடிவுள்ள எண்களுக்குள் ஓடும் அமைப்புகளில் மிக அழகானதைக் கண்டவர் நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர். நான்கு இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழியுங்கள். 3524 என்றால் 5432 − 2345 = 3087; பிறகு 8730 − 0378 = 8352; பிறகு 8532 − 2358 = 6174. இனி 7641 − 1467 = 6174 என்று அங்கேயே நின்றுவிடும். எந்த எண்ணிலிருந்து தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் 6174 வந்துவிடும். கப்ரேகர் இதை 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார். இங்கே சாய்வும் இல்லை, சுருக்கமும் இல்லை. தனிநிலை அமைப்புகள் எல்லாவற்றையும் நுண்கணிதத்தைக் கொண்டே அளந்துவிடலாம் என்று நினைப்பவருக்கு இது ஒரு நல்ல எதிர்க்காட்டு.

கடைசியாக நியூட்டன் முறை. கையில் உள்ள எண்ணில் சார்பின் வளைகோட்டுக்குத் தொடுகோடு வரைந்து, அது கிடை அச்சை வெட்டும் இடத்தை அடுத்த எண்ணாகக் கொள்வதுதான் இதன் படி. 1669-இல் நியூட்டன் எடுத்துக்கொண்டது, ஓர் எண்ணின் கனத்திலிருந்து அதன் இரு மடங்கையும் 5-ஐயும் கழித்தால் பூச்சியம் வரும் என்ற சமன்பாடு. 2-இலிருந்து தொடங்கிய அவருக்கு 2.0946-ஐ ஒட்டிய விடை எளிதில் கிடைத்தது. ஒரே படியைத் திரும்பச் செய்யும் வடிவத்தில் அதை 1690-இல் வெளியிட்டவர் ராப்சன். அந்தச் சமன்பாட்டில் 5-ஐக் கழிப்பதற்குப் பதிலாக 2-ஐக் கூட்டி, 0-இலிருந்து தொடங்குங்கள். முதற்படியில் 1 வரும். அடுத்த படியில் 0 வரும். மறுபடி 1, மறுபடி 0. சமன்பாட்டுக்கு −1.77-ஐ ஒட்டி ஒரு மூலம் இருந்தும் முறை அங்கே போவதில்லை. இது தற்செயலாக அமைந்த ஒரு புள்ளியின் கதையும் அன்று. 0-இடத்தில் நியூட்டன் படியின் சாய்வு பூச்சியம். எனவே இந்தச் சுழற்சியின் சாய்வுப் பெருக்கமும் பூச்சியம். வர்க்கமூலத்தை அவ்வளவு விரைவில் கொண்டுவந்து சேர்த்த அதே பண்பு, இங்கே 0-க்கு அருகில் உள்ள எண்களையெல்லாம் அவ்வளவே விரைவில் தவறான சுழற்சிக்குள் இழுத்துக்கொள்கிறது.

நியூட்டன் படியைவிட நல்ல படி ஒன்றைக் கண்டுபிடித்து இந்தக் குறையை நீக்க முடியாதா என்ற கேள்வியை ஸ்டீஃபன் ஸ்மேல் எழுப்பினார். 1987-இல் கர்ட்டிஸ் மக்மல்லன் அதற்குத் தெளிவான விடை கொடுத்தார்: மிகப் பெரிய அடுக்கு 3 ஆக உள்ள பல்லுறுப்புக் கோவைகளுக்கு, அநேகமாக எல்லாத் தொடக்கப் புள்ளிகளிலிருந்தும் மூலத்தை அடையும் மறுசெய்கை ஒன்று உண்டு, அதை அவரே எழுதிக்காட்டினார், அடுக்கு 4 அல்லது அதற்கு மேல் என்றால் அப்படி ஒன்று இருக்கவே முடியாது. எனவே படியை மாற்றுவதை விட்டுவிட்டுத் தொடக்கப் புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் செலுத்துவதே வழி என்றாகிறது. 2001-இல் ஹப்பர்ட், ஷ்லைஷர், சதர்லாந்து மூவரும், மூலங்கள் எல்லாம் ஓர் அலகு ஆரமுள்ள வட்டத்துக்குள் அமையுமாறு அளவு மாற்றிய கோவையின் படிநிலை எண்ணை (மிகப் பெரிய அடுக்கை) மட்டும் தெரிந்துகொண்டு, கலப்பெண் தளத்தில் சில வட்டங்களின் மேல் புள்ளிகளை முன்கூட்டியே குறித்துவைத்தால், அவற்றிலிருந்து ஓட்டும் பழைய நியூட்டன் முறையே மூலம் ஒன்றையும் தவறவிடாமல் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்று நிறுவினார்கள். தேவைப்படும் புள்ளிகளின் எண்ணிக்கை, படிநிலை எண்ணை அதன் மடக்கையின் வர்க்கத்தால் பெருக்கி, அதை 1.11-ஆல் பெருக்கினால் வரும் அளவைத் தாண்டாது.